நாயை இழந்த மகள் கால்நடை மருத்துவம் படிக்கலாமா?

வாசகர் கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்கள் முக்கூடல் பக்கம். நான் பீடி சுற்றுகிறேன், வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். வீட்டில் நாலு கன்னி ஆடு நிற்கிறது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள், வெள்ளையன் என்ற நாட்டு நாயை ஒன்பது வருடம் தன் கையால் சோறு போட்டு வளர்த்தாள். ஐப்பசியில் அது சாப்பிடாமல் படுத்துவிட்டது. கடையில் வாங்கிய வலி மாத்திரையில் பாதியை, மகளுக்குத் தெரியாமல் நான் சோற்றில் வைத்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். மறுநாள் இறந்துவிட்டது. முன்னமே கூட்டிப் போகாதது தன் தப்பு என்று மகள் அழுகிறாள். மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன் என்கிறாள். போன கோயில் கொடைக்கு வெட்டிய கிடாவுக்காக இரண்டு நாள் சாப்பிடாதவள் இந்த வேலைக்கு எப்படி ஆவாள், ராத்திரியில் தொழுவம் தொழுவமாகப் பெண்பிள்ளை போக முடியுமா, நர்சிங்கில் சேர்த்துவிடுவோம் என்கிறார் அவள் அப்பா. என் மாத்திரையால்தான் நாய் செத்ததோ என்று எனக்கும் உறக்கம் இல்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மகளின் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் கனமாக இருப்பது அந்தப் பாதி மாத்திரைதான் என்று எனக்குத் தோன்றுவதால், முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உண்ணிக் காய்ச்சல் என்பது உண்ணி கடிக்கும்போது நாயின் இரத்தத்துக்குள் புகுந்துவிடும் நுண்ணுயிர்களால் வருவது. அவற்றுள் ஒரு வகை, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போகும். முதலில் நாய் தீனியைக் குறைக்கும், காய்ச்சலோடு சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும். சில நாய்களுக்கு அடிவயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். மூக்கில் இரத்தம் வருவது பெரும்பாலும் நோய் நன்றாக முற்றிய பிறகு நடப்பது. தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, டாக்சிசைக்ளின் என்ற மருந்தை ஏறத்தாழ நான்கு வாரம் விடாமல் கொடுத்தால் பல நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன. மனிதருக்கான வலி மாத்திரைகளில் பல, நாயின் இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை, சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை, இரத்தம் உறைவதையும் தடுக்கக் கூடியவை. ஆகவே தட்டணு குறைந்த ஒரு நாய்க்கு அந்த மாத்திரை நல்லது செய்திருக்காது. ஓரளவு கெடுதல் செய்திருக்கவும் கூடும். இதை நான் மறைத்துச் சொன்னால் உங்களுக்கு மரியாதை செய்தவள் ஆகமாட்டேன். ஆனால் வெள்ளையன் இறந்ததற்கு முதற்காரணம் அந்த நோய், அடுத்த காரணம் ஐந்து நாள் தாமதம் என்றே உங்கள் கடிதத்தைப் படித்த அளவில் நான் கருதுகிறேன். ஒரே ஒரு பாதி மாத்திரை, அதற்கு முன் நன்றாக இருந்த நாயைக் கொன்றுவிட்டது என்று நினைத்து நீங்கள் உறக்கத்தை இழக்க வேண்டியதில்லை. இனிமேல் எந்த விலங்குக்கும் கடை மாத்திரை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். பூனைக்குப் பாரசிட்டமால் ஒரு மாத்திரை கொடுத்தாலே உயிருக்கு ஆபத்து என்பதையும் அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள்.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். அவள் தன் தப்பு என்று அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பதினேழு வயதில் நடந்தது நினைவுக்கு வந்தது; அதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றங்கரையை ஒட்டியது எங்கள் ஊர். எங்கள் ஆச்சி ஒரு செவலைப் பசு வளர்த்தாள். அந்தப் பசுவின் பாலை விற்றுத்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சீருடை எடுத்தார்கள் என்பதால், வீட்டில் அதற்கும் எனக்கும் ஒரே மாதிரிக் கவனிப்பு நடந்தது என்றே சொல்லலாம். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே, அந்த ஐப்பசி மழையில் பசு மிரண்டு மிரண்டு இழுத்துக்கொண்டு நின்றது. "ஏட்டி, கயித்த நல்லா இறுக்கிக் கட்டு, இருட்டுல எங்கயாவது போயிரும்" என்று ஆச்சி சொன்னாள். நான் இரண்டு சுற்றாகச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். விடிவதற்குள் தண்ணீர் தொழுவத்துக்குள் ஏறி, மனிதர்கள் மேட்டுத் தெருவுக்கு ஓடித் தப்பித்த பிறகு, வடிந்த சேற்றில் பசு கட்டிய இடத்திலேயே கிடந்தது. கயிறு அறவில்லை, முடிச்சும் அவிழவில்லை. ஆச்சி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. கட்டச் சொன்னது தான்தான் என்று அவள் தனக்குள் வெந்துகொண்டிருந்ததும், கட்டியது நான்தான் என்று நான் வெந்துகொண்டிருந்ததும் ஒருவருக்கொருவர் தெரியாமலே பல வருடம் போயிற்று. அடுத்த ஆண்டு சென்னை வேப்பேரிக்குக் கால்நடை மருத்துவம் படிக்கப் போனேன். பாசத்தால் போனேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குற்ற உணர்வு என்னை நல்ல மருத்துவர் ஆக்கவில்லை என்பதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பணியில் சேர்ந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், எந்த விலங்கையும் சாக விடக்கூடாது என்ற வெறி எனக்குள் இருந்தது. ஒருமுறை மானூர்ப் பக்கத்து ஊரொன்றில், எழுந்து நிற்கவே முடியாத ஒரு கிழட்டு எருமைக்கு, பிழைக்க வழியில்லை என்று என் படிப்பு சொன்ன பிறகும், நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டும் ஊசி போட்டுக்கொண்டும் இருந்தேன். அதன் இடுப்பெல்லாம் படுக்கைப் புண் வந்துவிட்டது. கடைசியில் அதை வளர்த்த பெரியவர் என் கையைப் பிடித்து, "போதும்மா, அது பட்டது போதும்" என்றார். அந்த எருமையைப் பார்த்துக்கொண்டே நான் ஆச்சியின் பசுவுக்கு மருத்துவம் செய்துகொண்டிருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஊருக்குப் போய் ஆச்சியிடம் முடிச்சைப் பற்றிப் பேசினேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அதற்குப் பிறகுதான், முன்னால் கிடக்கும் விலங்கை அதுவாகவே என்னால் பார்க்க முடிந்தது.

ஆகவே உங்கள் மகள் இந்தப் படிப்புக்கு வரலாம், ஆனால் வெள்ளையனைத் தேடிக்கொண்டு வரக்கூடாது என்பது என் கருத்து. நம் திருநெல்வேலிச் சீமையில் கால்நடை மருத்துவரிடம் வருவது பெரும்பாலும் பசு, எருமை, ஆடு, கோழி. காலையில் மருந்தகத்தைத் திறந்தால் சினை ஊசிக்கு நிற்கும் மாடுகளும், கழியும் ஆட்டுக்குட்டிகளும், மடிநோய் கண்ட கறவைகளும்தான் வரிசையில் நிற்கும். கோமாரித் தடுப்பூசி முகாம் என்றால் மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன்பே ஊருக்குள் போயாக வேண்டும். கிடை போட்டிருக்கும் செம்மறிக் கூட்டத்தில் ஆட்டுக்கொல்லி நோய் வந்தால், மந்தையை வயலிலேயே தேடிப் போய் நிற்க வேண்டும். நாயும் பூனையும் இப்போது முன்பைவிட அதிகமாகவே வருகின்றன; சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வேட்டைக்கென்று வளர்த்த குடும்பங்கள் இன்று பிள்ளைபோல் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இருந்தாலும் ஓர் ஆடு செத்தால் ஒரு வீட்டின் பள்ளிக்கூடக் கட்டணம் போய்விடுகிற ஊர் இது. ஆடு வைத்திருக்கிற உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கும் ஓரளவு தெரிந்தே இருக்கும்.

கொடைக்கு வெட்டிய கிடாவுக்காக அவள் சாப்பிடாமல் இருந்ததை அவள் அப்பா ஒரு குறையாகச் சொல்கிறார். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. நேர்ந்துவிட்ட கிடாவை வீட்டிலேயே வளர்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தழை கொடுத்த பிள்ளை, அது வெட்டுப்படும் நாளில் சோறு இறங்காமல் இருப்பதில் வியப்பு என்ன இருக்கிறது? ஆனால் அவளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கால்நடை மருத்துவம் படிப்பவர்கள் முதலாண்டிலேயே இறந்த விலங்கின் உடலை அறுத்துப் பாடம் படிக்கிறார்கள். பின்னர் இறைச்சிக் கூடத்தில், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஆட்டைச் சோதித்து, அந்தக் கறி மனிதர் உண்ணத் தகுந்ததா என்று பார்ப்பதும் இந்தப் படிப்பில் ஒரு பாடம். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தையில் நிற்கும் ஆடுகள் எங்கே போகும் என்று அறிந்துகொண்டே, அவை நோயில்லாமலும் துன்பமில்லாமலும் வாழ்வதற்கு உழைப்பது எங்கள் வேலை. எனக்கு இதில் முழு நிம்மதி கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் நான் கொடைக்குப் போனால் வெட்டும் நேரத்தில் அங்கே நிற்பதில்லை. ஆனால் மறுநாள் அதே வீட்டுத் தாயாட்டுக்குக் குட்டி குறுக்கே விழுந்து ஈன முடியாமல் கிடந்தால், நான்தான் போய்க் கையை விட்டுத் திருப்பியாக வேண்டும். உங்கள் மகள் அழலாம், அழுது முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆட்டைப் பார்க்க முடியுமா என்பதை அவளே கண்டுகொள்ளட்டும்.

இரவு வேலையைப் பற்றி அவள் அப்பாவுக்கு இருக்கும் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் என் அப்பாவுக்கும் அதே கவலை இருந்தது. அவர் அதைத் தீர்த்த விதத்தைச் சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கார்த்திகை மாத இரவு, சீவலப்பேரிப் பக்கம் ஓர் எருமை கன்று ஈன முடியாமல் தவிப்பதாக ஆள் வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் தன் டிவிஎஸ் 50 வண்டியை எடுத்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மழையில் கிளம்பினார். அங்கே கருப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. எருமைகளுக்கு இது அவ்வப்போது வரும். முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே எருமையைச் சாய்த்து, வயிற்றின்மேல் ஒரு பலகையை வைத்து அழுத்திக் கருப்பையை அசையாமல் நிறுத்திக்கொண்டு, உடலை மட்டும் அதே திசையில் வேகமாகப் புரட்ட வேண்டும். பலகையின்மேல் ஏறி நிற்க ஆள் போதாமல், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறி நின்றார், ஒரு கையில் டார்ச்சுடன். மூன்றாவது புரட்டலில் முறுக்கு விடுபட்டது. கன்று உயிரோடு வந்தது. திரும்பும் வழியில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், "அடுத்த தடவ ரெண்டு டார்ச் எடுத்துக்கிடுவோம்." அதற்குப் பிறகு கல்யாணம் ஆகும்வரை அவர்தான் என் இரவுத் துணை. கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் வந்தார். இப்போது 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது, கைபேசி இருக்கிறது, பெண் மருத்துவர்களும் என் காலத்தைவிட மிக அதிகம். ஆனாலும் இந்த வேலையை ஒருவர் மட்டும் செய்துவிட முடியாது, வீடு முழுவதும் சேர்ந்துதான் செய்கிறது. தீபாவளியன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிற மனைவியை, சாணி வாடையோடு வந்து கட்டிக்கொள்கிற தாயை, ஏற்றுக்கொள்கிற குடும்பம் வேண்டும். மாடு உதைக்கும், நாய் கடிக்கும், கருச்சிதைவு நோய் கண்ட மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தால் அந்த நோய் மருத்துவருக்கே வரும். நாளை மாப்பிள்ளை பார்க்கும்போது இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிப் பாருங்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். கேட்டுவிட்டு நிற்கிற குடும்பம் நல்ல குடும்பமாக இருக்கும்.

சொந்த வீட்டு விலங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவர் ஆகிவிட்டால் தன் நாயைத் தானே காப்பாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் மகள் நினைத்திருக்கக் கூடும். எங்கள் வீட்டில் சிட்டு என்று ஒரு கன்னி நாய் பன்னிரண்டு ஆண்டு இருந்தது. என் இரண்டு பிள்ளைகளும் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினார்கள். அதன் சிறுநீரகம் பழுதாகிக் கொண்டிருந்ததற்கான அறிகுறிகளை, அதிகமாகத் தண்ணீர் குடித்ததை, மெலிந்ததை, வேறொருவர் நாயாக இருந்தால் நான் ஒரே பார்வையில் கண்டிருப்பேன். என் நாய் என்பதால் வெயிலுக்கு என்று சொல்லிக்கொண்டேன். இனி அது துன்பப்படுவதைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை என்றானபோது, உறக்கத்திலேயே உயிரை முடித்துவைக்கும் ஊசியைப் போட என் கை வரவில்லை. என்னிடம் பயிற்சிபெற்ற ஓர் இளைய மருத்துவரை அழைத்தேன். அவர் போட்டார்; நான் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்; பிள்ளைகளையும் பக்கத்தில் இருக்க விட்டோம். அதனால்தான் சொல்கிறேன், தன் வீட்டுக்கு ஒரு வைத்தியர் வேண்டும் என்பதற்காக அவள் ஐந்தரை ஆண்டு படிக்க வேண்டாம்.

படிப்பின் விவரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்பது கடைசி ஓராண்டுக் களப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், இயற்பியல், வேதியியல் பாடங்களில் எடுக்கும் மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டுக்குத்தான் நீட். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் உண்டு என்பது உங்கள் மகளுக்கு முக்கியமான செய்தி. பள்ளிச் சான்றுகளை இப்போதே ஒழுங்காக எடுத்து வையுங்கள். நான் படிக்கும்போது 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரிக்கு இரவெல்லாம் ரயிலில் போக வேண்டியிருந்தது. 2012 முதல் நம் திருநெல்வேலி இராமையன்பட்டியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் முதலாண்டில் திணறுவார்கள். இரண்டாமாண்டில் சரியாகிவிடும், நானும் அப்படித்தான் திணறினேன். இடம் கிடைக்காவிட்டால் நர்சிங் தாழ்ந்த படிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் விலங்குகளோடு இருக்க விரும்பும் பிள்ளையை, முயன்று பார்க்க விடாமலே அதற்குள் தள்ள வேண்டாம்.

தேர்வு முடிந்ததும், உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்து மருத்துவரிடம் அனுமதி கேட்டு, பத்து நாளாவது காலை எட்டு மணிக்கு அவளை அங்கே கொண்டுபோய் விடுங்கள். ஓரமாக நின்று பார்க்கட்டும், மாட்டைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கட்டும். வீட்டில் இருக்கும் நாலு ஆட்டையும் அவள் பொறுப்பில் விடுங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் கீழ் இமையையும் மெல்ல இழுத்துப் பார்த்து, உள்ளே சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். வெளுத்திருந்தால் பெரும்பாலும் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பொருள், மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பத்து நாளும் போய், நோட்டையும் விடாமல் எழுதினாள் என்றால் அவளைப் படிக்க வைப்பதைப் பற்றி நீங்கள் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

2023 டிசம்பரில் பெருமழை பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், தொலைபேசி இணைப்பு அறுந்துபோகும்வரை, ஆற்றோரத்து ஊர்களில் எனக்குத் தெரிந்த மாட்டுக்காரர்களையும் பால் சங்கத்துக்காரர்களையும் ஒவ்வொருவராக அழைத்து, கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சிலர் கேட்டார்கள், சிலரை அழைக்கவே முடியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, தொழுவத்துச் சேற்றிலிருந்து தப்பித்து மேட்டில் நின்ற மாடுகளைப் பார்த்தபோது ஆச்சியிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது; அவள் அப்போது இல்லை. அவள் இருக்கும்போதே அந்த முடிச்சைப் பற்றிப் பேசியிருந்தேன் என்பதில் எனக்கு நிறைவு உண்டு.

உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் நடக்கவில்லை. தாமதித்துவிட்டேன் என்று மகள் அழுகிறாள், மாத்திரை கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் உறங்காமல் இருக்கிறீர்கள். தேர்வு வரைக்கும் தள்ளிப் போடாமல், இந்த வாரமே ஒருநாள் பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, அவள் அப்பாவும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மாத்திரையைப் பற்றி நீங்களே முதலில் சொல்லுங்கள். அவள் கோபப்பட்டால் படட்டும். மேலே நான் எழுதியிருக்கும் உண்ணிக் காய்ச்சல் பகுதியை அதற்குப் பிறகு அவளையே வாசிக்கச் சொல்லுங்கள்.